விளக்கொளியும் வியாபார நாணயமும்

வியாபாரத்தில் பொய் கூடாது என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் வாயால் பொய் சொல்லாத ஒருவர், விளக்கால் பொய் சொல்லலாமா? சுங்கை பெசாரிலும் சபாக் பெர்ணத்திலும் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

ஊற்றுப் பேனாவையே எடுத்துக்கொள்வோம். சென்னைக்கு அருகே திருவள்ளூரில் ரங்கா பேனாக்கள் எபோனைட் என்னும் கெட்டி ரப்பரிலும் அக்ரிலிக் ரெசினிலும் கடைந்து செய்யப்படுகின்றன. எபோனைட் ஒளியை உள்ளே விடாது. ரெசினில் பல வகைகள் விடும். உள்ளே போன ஒளி சாயத்திலும் முத்துப்போல் மின்னும் பொடியிலும் பட்டுத் திரும்புகிறது. ஆகவே எந்த ஒளி போனதோ, அதற்குத் தக்கபடியே நிறம் வரும். வெளிச்சத்தின் சாயலை அளக்கும் கெல்வின் கணக்கில் மஞ்சள் குண்டு விளக்கு சுமார் 2,700. நண்பகல் வெயில் சுமார் 5,500. மஞ்சள் ஒளியில் நீலப் பங்கு குறைவு. அதனால் அங்கே கறுப்பாகத் தெரிந்த பேனா, வாசலுக்கு வந்ததும் கருநீலமாகிவிடும். துணியிலும் இதே கதைதான். கடைக்குள் சேலைக்கு ஒத்துப்போன ரவிக்கைத் துணி வெயிலில் ஒவ்வாமல் போவதுண்டு. இரண்டின் சாயங்களும் வேறு வேறு.

இது புதுச் செய்தியன்று. பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒளிநூலில், ஆழ்ந்த நிறங்கள் மங்கிய இடத்தில் இருண்டும் நல்ல வெளிச்சத்தில் தெளிந்தும் தோன்றுவதை எடுத்துக் காட்டினார்.

அப்படியானால் பேனாவின் உண்மை நிறம் எது? வெயிலில் தெரிவதா, விளக்கில் தெரிவதா? இரண்டும் உண்மையே. எந்த விளக்கும் பொய் சொல்வதில்லை. “பிறகு என் மேல் என்ன குற்றம்?” என்று வியாபாரி கேட்கலாம். குற்றம் விளக்கில் இல்லை; அதைத் தேர்ந்தெடுத்த எண்ணத்தில் இருக்கிறது. கடையை அழகாக வைப்பது வேறு. வாங்குபவர் அறிந்தால் வேண்டாமென்று சொல்லக்கூடியதை மறைக்க விளக்கு மாட்டுவது வேறு. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். மேலே இருந்ததும் உண்மையான தானியந்தான். ஆயினும் அது அடியில் இருந்ததை மறைத்தது.

உலகச் சட்டங்களும் இதை உணர்ந்திருக்கின்றன. இறைச்சி, காய்கறிகளின் இயற்கை நிறத்தை மாற்றிக் காட்டி வாங்குவோரை ஏமாற்றும் விளக்குகளைச் சீனா 2023 டிசம்பர் 1 முதல் தடை செய்தது. பொருளின் தன்மை குறித்து மக்களைத் தவறாக எண்ண வைப்பதை மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. ஆனால் சட்டம் ஒவ்வொரு கடையின் விளக்கையும் வந்து பார்க்காது. அங்கே நம் மனச்சாட்சிதான் காவல்.

செய்ய வேண்டியது சிறிய காரியமே. பகலானால் பொருளைக் கடைக்கு முன்னுள்ள ஐந்தடிப் பாதைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரவானால், “பகலில் இது நீலமாகத் தெரியும், பிடிக்காவிட்டால் நாளை மாற்றிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் பகலில் எழுதப்போகும் ஆசிரியருக்கு, நம் கடையின் ராத்திரி நிறம் எதற்கு? இப்படிச் சொல்வதால் சில வியாபாரம் கைநழுவும், அது மெய்தான். ஆனால் கடை விளக்கை அணைத்த பின்னும் வாங்கியவர் கையில் அந்தப் பொருள் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் நம் பெயரும் அவர் நினைவுக்கு வரும்.