பச்சை யாருடையது?

இரண்டு வருஷமாக என் போனில் ஒரு நீலப் பறவைதான் வால்பேப்பர். கண்ணோடு சேர்த்துக் கறுப்புப் பட்டை, பவளச் சிவப்பில் அலகு, செங்காவி இறக்கை, நீண்ட வால், மற்றபடி உடம்பெல்லாம் நீலம். பார்த்தவர்கள் எல்லாம் கேட்பார்கள். மேக்பை, காக்கைக்குச் சொந்தம் என்பேன். அதன் முழுப்பெயர் பச்சை மேக்பை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இமயமலை அடிவாரம் தொடங்கி வடகிழக்கு இந்தியா, வியட்நாம் வழியாக சுமத்ரா, போர்னியோ வரை காடுகளில் வாழும் பறவை. காட்டில் அது இலைப்பச்சை. கூண்டுக்கு வந்து, பழைய இறகு உதிர்ந்து புதுசு முளைக்கும்போது நீலமாகிவிடுகிறது. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலத்தைத் தருகிறது. அதோடு கரோட்டினாய்டின் மஞ்சள் சேர்ந்தால் பச்சை. மஞ்சளைப் பறவையால் தானே தயாரிக்க முடியாது. இலையைத் தின்ற பூச்சியைத் தின்று வாங்கிக்கொள்ள வேண்டும். கூண்டுத் தீனியில் அது போதாது. ஆக, நான் இரண்டு வருஷம் ரசித்தது ஒரு பற்றாக்குறையை.

இதை நண்பனிடம் சொன்னேன். "அப்போ நீலம்தானேடா ஒரிஜினல்? பச்சை கடன் வாங்கினதுதானே?" என்றான். சட்டென்று பதில் வரவில்லை. அவன் பக்கம் இன்னும் சான்று இருக்கிறது: காட்டிலேயே வெயில் அதிகம் படும் பறவைகள் நீலம் பாய்ந்து போவதுண்டு, அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்தவையும் வெளிறி நீலமாகின்றன. நீலம் பொய் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் வாங்கியதையெல்லாம் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் 'நான்' என்றால், என்னிடம் என்ன மிஞ்சும்? பேசுகிற தமிழே அம்மா வாயிலிருந்து வாங்கியது. கடன் என்பதால் அது என்னுடையது இல்லை என்று ஆகுமா?

சரி, நீலமாவதால் பறவைக்கு வலிக்குமா? எனக்கு அப்படி நிரூபிக்க வழியில்லை. வேளைக்குத் தீனி, கழுகு பயம் இல்லை. துன்பத்தை மட்டும் அளந்து சரி தவறு சொல்கிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். என்னை உறுத்துவது வேறு. பச்சையைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் ஒருவர் வாங்குகிறார். வாங்கின காரியமே அந்தப் பச்சையை இல்லாமல் செய்கிறது.

அவர் கொடுமைக்காரரும் இல்லை. ஜாவாவில் ஒரு மரபு வழக்கு உண்டு: ஆணுக்கு வீடு, மனைவி, குதிரை, குத்துவாள், பறவை ஐந்தும் வேண்டும். (மனைவியை அந்தப் பட்டியலில் சேர்த்ததைத் தனியாகத் திட்டிக்கொள்ளலாம்.) பறவைக்கு அங்கே சொல்லும் வார்த்தை 'குகிலா', நம் கோகிலத்தின் உறவு. பறவை வளர்ப்பது அங்கே கௌரவம், பிரியம். அதே ஜாவாவின் மேற்கு மலைகளில் இதன் தங்கை இனம் ஒன்று இருக்கிறது, வால் மட்டும் குட்டை. 2013இல்தான் போர்னியோப் பறவையிலிருந்து தனி இனமாகப் பிரித்துச் சொன்னார்கள். அதற்குள்ளேயே சந்தைக்காகப் பிடித்துப் பிடித்து, காடும் சுருங்கி, அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது.

மேற்கு ஜாவாவில் சிகானங்கா என்ற இடத்தில் அதைக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்கிறார்கள். சந்தையிலிருந்து நீலமாக வந்தவற்றுக்குச் சரியான தீனி கொடுத்ததும் புது இறகு பச்சையாக முளைக்கிறது. அங்கேயும் கம்பி கம்பிதான். வித்தியாசம் என்னவென்றால், ஒருவர் பறவை தன்னிடமே இருக்க வேண்டும் என்கிறார். இவர்கள் ஒருநாள் போக வேண்டும் என்கிறார்கள். ஆனால் எங்கே போகும்? கண்ணி வைக்கிறவன் இருக்கும்வரை, திறந்து விடுவது அவனுக்குச் சரக்கு அனுப்புகிற மாதிரி. அதுவரை மனிதக் கை ஊட்டிய பச்சை. அதை என் நண்பனிடம் எப்படி வாதாடுவது என்று இன்னும் தெரியவில்லை.

வால்பேப்பரை மாற்றினேன். காட்டில் எடுத்த படம். முழுக்க இலை, நடுவில் எங்கேயோ ஒரு துளி சிவப்பு.

நண்பன் போனை வாங்கி, பெரிதாக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல பறவை எங்கடா?"